அடித்தள லேபிலிருந்து விண்வெளி நிலையம் வரை: அமெரிக்காவில் மைக்ரோபயாலஜி

நியூஜெர்சி மாநிலத்துக்கென்று ஒரு பறவை உண்டு, ஒரு பூ உண்டு, ஒரு பூச்சி உண்டு. 2019 மே மாதத்திலிருந்து ஒரு பாக்டீரியாவும் உண்டு. அதன் பெயர் ஸ்ட்ரெப்டோமைசஸ் கிரிசியஸ். ஆளுநர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்ட சட்டம் அதை மாநிலத்தின் அதிகாரபூர்வ நுண்ணுயிராக்கியது. மண்ணுக்குள் கிடக்கிற, வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிருக்கு ஏன் இத்தனை மரியாதை என்று கேட்டால், நியூ பிரன்ஸ்விக் நகரிலுள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் அடித்தள அறை ஒன்றுக்குப் போக வேண்டும்.

ஆண்டு 1943. ஆல்பர்ட் ஷாட்ஸுக்கு 23 வயது. மண் நுண்ணுயிரியலில் பெயர்பெற்ற பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மனிடம் ஆராய்ச்சி மாணவர். காசநோய்க் கிருமியைக் கையாளும் ஆபத்தான வேலை என்பதால் அவருக்கு அடித்தளத்தில் இடம். எரு போட்ட வயல் மண்ணிலிருந்தும், ஒரு கோழியின் தொண்டையிலிருந்தும் பிரித்தெடுத்த ஒரே வகை பாக்டீரியா, மற்றக் கிருமிகளை வளரவிடாமல் தடுப்பதை அவர் பார்த்தார். புதிய ஆன்டிபயாடிக் ஒன்று கைக்கு வந்துவிட்டது என்று அவர் உறுதிசெய்த நாள் அக்டோபர் 19. பெனிசிலினுக்கு அசையாத காசநோய்க் கிருமி இதற்குப் பணிந்தது. உலகம் அதை ஸ்ட்ரெப்டோமைசின் என்று அறிந்தது.

1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கே போனது. அதற்கு முன்பே, 1950இல், ஷாட்ஸ் நீதிமன்றம் போயிருந்தார். சமரசத்தில் அவர் கூட்டுக் கண்டுபிடிப்பாளர் என்று ஏற்கப்பட்டது. ராயல்டியில் பங்கும் கிடைத்தது. ரட்கர்ஸ் அவருக்குத் தன் பதக்கத்தை அளித்தது 1994இல்.

இந்தக் கதை சென்னையையும் தொடுகிறது. காசநோய் மருந்துகள் வந்த பிறகு, ஏழை நாடுகளில் அவற்றை எப்படிக் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் அதற்கு விடை தேடியது. நோயாளியை சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவைக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று 1959இல் வெளிவந்த அதன் ஆய்வு காட்டியது. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை முறையே மாறியது. ஸ்ட்ரெப்டோமைசின் பாக்டீரியாவின் ரைபோசோமில் எங்கே போய் ஒட்டிக்கொள்கிறது என்பதை 2000இல் அணு அளவில் படம்பிடித்துக் காட்டிய குழுவுக்குத் தலைவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். ஒஹாயோவில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, மறுபடி மாணவராக சான் டியாகோவில் உயிரியல் படிக்கப் போனவர் அவர்.

வீட்டுக்குள் ஒரு விவாதம்

நியூஜெர்சியின் எடிசனிலும் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலும் டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கத்து கேட்டியிலும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை எட்டினால், தமிழ்க் குடும்பங்களில் பேச்சு பெரும்பாலும் இரண்டு பாதைகளையே சுற்றி வரும். ஒன்று மருத்துவம், மற்றொன்று கம்ப்யூட்டர். நடுவில் ஒரு பெண்ணோ பையனோ "மைக்ரோபயாலஜி எடுக்கிறேன்" என்றால், "அதுக்கப்புறம் மெடிக்கல் ஸ்கூல்தானே?" என்பதே அடுத்த கேள்வி. மெடிக்கல் ஸ்கூலுக்கு அது நல்ல பாதைதான். ஆனால் அந்த வாசலில் காத்திருக்கும் திண்ணையாக மட்டும் இந்தப் படிப்பைப் பார்ப்பவர்கள், அதற்குள்ளேயே இருக்கிற பெரிய வீட்டைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

படிப்பு நான்கு ஆண்டுகள். முதல் இரண்டில் பொது வேதியியல், கரிம வேதியியல், உயிரியல், இயற்பியல், புள்ளியியல். இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். பிறகு நுண்ணுயிர்களின் உடலியங்கியல், மரபியல், நோய் எதிர்ப்பியல், வைரஸ் இயல், உணவு, சுற்றுச்சூழல் என்று கிளை பிரியும். ரட்கர்ஸில் உயிர்வேதியியல் மற்றும் நுண்ணுயிரியல் துறை இதற்கென்றே பட்டம் தருகிறது. பெர்க்லியில் தாவர, நுண்ணுயிர் உயிரியல் துறையின் கீழும், சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்திலும், டெக்சாஸ் ஏ அண்ட் எம்மில் உயிரியல் துறையிலும் படிக்கலாம்.

லேப் வகுப்பில் முதலில் பழகுவது கிருமி கலக்காமல் வேலை செய்யும் கை. பெட்ரி தட்டில் கோடிழுத்து ஒற்றைக் காலனியைப் பிரிப்பது, கிராம் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது, பெயர் சொல்லாமல் கையில் கொடுக்கப்பட்ட பாக்டீரியா எது என்று பருவம் முழுக்கச் சோதித்துக் கண்டுபிடிப்பது. இன்றைக்கு அதோடு மரபணு வரிசைத் தரவைக் கணினியில் அலசவும் தெரிந்திருக்க வேண்டும்.

இட்லி மாவு ஏன் பொங்குகிறது என்பதற்கான விடைகூட அமெரிக்க லேபில்தான் துலங்கியது. உளுந்தோடு வருகிற லூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியா விடும் வாயுவே மாவை எழுப்புகிறது என்று 1965இல் நியூயார்க் மாநிலத்தின் ஜெனிவா நகரிலிருந்த ஆய்வாளர்கள் நிறுவினார்கள். நியூஜெர்சி குளிரில் மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து விளக்கைப் போட்டுவிடும் அம்மாக்கள், அந்த பாக்டீரியாவுக்கு ஏற்ற வெப்பநிலையைத்தான் ஏற்பாடு செய்கிறார்கள்.

மாணவர் கையில் கிடைத்தவை

இந்தத் துறைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. படித்துக்கொண்டிருக்கும் மாணவரின் கைக்கும் பெரிய விஷயம் சிக்கும்.

1985இன் இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடினார். பேராசிரியர் சுனிதி சாலமன் எய்ட்ஸ் கிருமியைத் தேடச் சொன்னார். இந்தியாவில் அந்த நோயே இல்லை என்று பலரும் நம்பிய காலம் அது. நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளை 1986 பிப்ரவரியில் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தபோது ஆறில் எச்.ஐ.வி. இருந்தது. நாட்டின் எய்ட்ஸ் தடுப்புப் பணி தொடங்கியது அந்த ஆய்வேட்டிலிருந்துதான்.

இன்னொன்று தென்னாப்பிரிக்காவில். 2010இல் க்வாசூலு நட்டால் பல்கலைக்கழக மாணவி லிலி ஹோல்ஸ்ட், அழுகிய கத்தரிக்காய் ஒன்றிலிருந்து ஒரு ஃபாஜைப் பிரித்தெடுத்தார். பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்தான் ஃபாஜ். அதற்கு 'மடி' என்று பெயரிட்டு பிட்ஸ்பர்க்கிலுள்ள கிரஹாம் ஹாட்ஃபுல்லின் சேகரிப்பில் வைத்தார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, எந்த மருந்துக்கும் அடங்காத தொற்றோடு போராடிய பிரிட்டன் பதின்வயதுப் பெண்ணுக்குக் கொடுத்த மூன்று ஃபாஜ்களில் அதுவும் ஒன்று. அவருடைய காயங்கள் ஆறத் தொடங்கின. மாணவர்கள் முதலாண்டிலேயே மண்ணிலிருந்து ஃபாஜ் தேடும் பாடத்திட்டம் இன்று அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் நடக்கிறது.

நியூஜெர்சி: மருந்துக்குக் காவல்

மெர்க், ஜான்சன் அண்ட் ஜான்சன், பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் என்று மருந்து நிறுவனங்கள் நிறைந்த மாநிலம் இது. யானைக்கால் நோய் ஒழிப்பில் பயன்படும் ஐவர்மெக்டின், ஜப்பான் மண்ணிலிருந்து சடோஷி ஓமுரா பிரித்த பாக்டீரியாவிலிருந்து ராவேயிலுள்ள மெர்க் ஆய்வகத்தில்தான் உருவானது. ஓமுராவும் அங்கே பணியாற்றிய வில்லியம் கேம்ப்பெல்லும் 2015இல் நோபல் பெற்றார்கள்.

ஆனால் இளநிலைப் பட்டத்தோடு வெளியே வருபவருக்கு இங்கே கிடைக்கும் முதல் வேலை பெரும்பாலும் கண்டுபிடிப்பில் இருக்காது, தரக்கட்டுப்பாட்டில் இருக்கும். ஊசி மருந்தில் கிருமி இல்லை என்று உறுதிசெய்ய 14 நாள் வளர்த்துப் பார்க்கும் சோதனை, தயாரிப்பு அறையின் காற்றையும் மேசையையும் தொழிலாளியின் கையுறையையும் தட்டில் ஒற்றியெடுத்துக் கண்காணிப்பது, பாக்டீரியா நச்சுக்கான எண்டோடாக்சின் சோதனை. இந்தக் கடைசிச் சோதனைக்குப் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டுவருவது குதிரைலாட நண்டின் நீல ரத்தம். நியூஜெர்சியின் தெற்கே டெலாவேர் விரிகுடாவில் வசந்தகாலம்தோறும் லட்சக்கணக்கில் கரையேறி முட்டையிடுவதும் அதே நண்டுகள்தான்.

இந்த வேலை சலிப்பானது என்று நினைப்பவர்களுக்கு 2023 பதில் சொன்னது. தமிழ்நாட்டில் தயாராகி அமெரிக்காவில் விற்ற செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தோடு, மருந்துகளுக்கு அடங்காத சூடோமோனாஸ் தொற்று ஒன்று தொடர்புபடுத்தப்பட்டது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கில் 18 மாநிலங்களில் 81 நோயாளிகள். நான்கு பேர் இறந்தார்கள், 14 பேர் பார்வை இழந்தார்கள். தயாரிப்பில் போதிய நுண்ணுயிர்ச் சோதனை இல்லை என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சுட்டிய குறைகளில் ஒன்று. தரக்கட்டுப்பாட்டு லேபில் உட்கார்ந்து தட்டை எண்ணுகிறவர் யாருக்காக எண்ணுகிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சான் பிரான்சிஸ்கோ பே ஏரியா: கிருமியை வேலைக்கு வைத்த ஊர்

1973இல் ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்லி கோஹனும், சான் பிரான்சிஸ்கோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் பாயரும் ஓர் உயிரின் மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்துப் பெருக்க முடியும் என்று காட்டினார்கள். மூன்றே ஆண்டில் பாயர் ஜெனன்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார். 1978இல் ஈ.கோலை பாக்டீரியா மனித இன்சுலினைச் சுரந்தது. 1982இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. அதுவரை மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினை நம்பியிருந்த சர்க்கரை நோயாளிகளுக்கு அது பெரிய விடுதலை.

2006இல் பெர்க்லி வளாகத்தின் ஒரு காபிக் கடையில், சுரங்கத்திலும் நிலத்தடி நீரிலும் வாழும் நுண்ணுயிர்களை ஆராயும் ஜில் பான்ஃபீல்ட், பாக்டீரியாக்களின் டி.என்.ஏ.வில் தான் பார்த்த விசித்திரமான தொடர்களைப் பற்றி ஜெனிஃபர் டவுட்னாவிடம் சொன்னார். அவற்றின் பெயர் கிரிஸ்பர் என்று டவுட்னா அறிந்துகொண்டது இந்தத் தொடர்பில்தான். வைரஸை எதிர்க்க பாக்டீரியா வைத்திருந்த கத்தரிக்கோல், மரபணு திருத்தும் கருவியாகி 2020இல் டவுட்னாவுக்கும் எமானுவேல் ஷார்பான்டியேவுக்கும் நோபல் பெற்றுத் தந்தது. 2023 டிசம்பரில் அரிவாள் செல் ரத்தசோகைக்கான கிரிஸ்பர் சிகிச்சைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

பளபளப்புக்குப் பின்னால் பள்ளமும் உண்டு. எமரிவில்லில் இருந்த சைமர்ஜன் நிறுவனம், 2021 ஏப்ரலில் ஆரவாரமாகப் பங்குச்சந்தைக்கு வந்து, அதே ஆகஸ்டில் சரிந்தது. ஈஸ்ட்டை வைத்து மலேரியா மருந்தின் மூலப்பொருளைத் தயாரித்துப் புகழ்பெற்ற அமைரிஸ் 2023இல் திவால் மனு போட்டது. ஸ்டார்ட்அப்பில் சேரும் பட்டதாரி, கம்பெனி போனாலும் தன்னோடு வரும் திறன் எது என்று பார்த்துச் சேர வேண்டும். நொதித்தல் கலனை இயக்கத் தெரிந்தவர், மரபணு வரிசையை அலசத் தெரிந்தவர் அடுத்த வாசலைத் தட்ட முடியும்.

டெக்சாஸ்: ஐஸ்கிரீம் முதல் ஆகாயம் வரை

2015 தொடக்கத்தில் தென் கரோலினா சுகாதாரத் துறை வழக்கமான சோதனைக்கு எடுத்த ஐஸ்கிரீம் மாதிரியில் லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி கிடைத்தது. ஐஸ்கிரீம், டெக்சாஸின் பிரென்ஹாமைத் தலைமையிடமாகக் கொண்ட புளூ பெல் நிறுவனத்துடையது. நுண்ணுயிரியலாளர்கள் அந்தக் கிருமியின் மரபணு வரிசையைப் பழைய நோயாளிகளின் மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள். கான்சாஸ் மருத்துவமனையில் முன்பே நோயுற்றவர்களோடு முடிச்சு விழுந்தது. நான்கு மாநிலங்களில் 10 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள், மூவர் இறந்திருந்தார்கள். ஏப்ரல் 20 அன்று நிறுவனம் தன் பொருள்கள் அனைத்தையும் திரும்பப் பெற்றது. 2020இல் 1.725 கோடி டாலர் அபராதம். உணவுத் தொழிற்சாலைகள் நுண்ணுயிரியல் படித்தவர்களைத் தேடுவதன் காரணம் இத்தகைய நிகழ்வுகளில் இருக்கிறது.

ஹூஸ்டனின் பேலர் மருத்துவக் கல்லூரியில் பீட்டர் ஹோடெஸும் மரியா எலினா பொட்டாஸியும் ஈஸ்ட்டைக் கொண்டு கொரோனா தடுப்பூசிக்கான புரதத்தை உருவாக்கி, காப்புரிமை கோராமல் ஹைதராபாத் பயாலஜிக்கல் ஈ நிறுவனத்தோடு பகிர்ந்தார்கள். பொட்டாஸி, ஹோண்டுராஸில் நுண்ணுயிரியல் பட்டம் பெற்றவர். 2022 மார்ச்சில் இந்தியாவில் 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் போட்ட கோர்பிவேக்ஸ் அதுதான். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வரிசையில் நின்ற குழந்தைகளின் கையில் ஏறியது ஹூஸ்டன் லேபில் பிறந்த புரதம். கால்வெஸ்டனில், எபோலா போன்ற ஆபத்தான வைரஸ்களைக் கையாளும் உச்சப் பாதுகாப்பு ஆய்வகம் இயங்குகிறது. டெக்சாஸ் ஏ அண்ட் எம்மின் ஃபாஜ் மையம், 2016இல் சான் டியாகோவில் சாவின் விளிம்பிலிருந்த டாம் பேட்டர்சன் என்ற பேராசிரியரைக் காப்பாற்றிய ஃபாஜ்களில் ஒரு பகுதியைத் தந்தது.

நாசாவின் ஜான்சன் மையமும் ஹூஸ்டனில்தான் இருக்கிறது. விண்வெளி நிலையத்தின் குடிநீர், காற்று, சுவர்ப்பரப்பு எல்லாவற்றிலும் கிருமி அளவைக் கண்காணிப்பது அங்குள்ள நுண்ணுயிரியலாளர்களின் பொறுப்பு. 2016 ஆகஸ்டில் கேட் ரூபின்ஸ் விண்வெளியில் முதன்முதலாக டி.என்.ஏ. வரிசையைப் படித்தார். விண்வெளிக்குப் போகுமுன் அவர் வைரஸ் ஆய்வாளர்.

விண்வெளி நுண்ணுயிரியலில் ஒரு தமிழ்த் தடமும் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் நுண்ணுயிரியல் படித்த கஸ்தூரி வெங்கடேஸ்வரன், கலிஃபோர்னியாவின் பாசடேனாவிலுள்ள நாசா ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் மூத்த விஞ்ஞானியாக இருந்தவர். விண்வெளி நிலையத்தின் காற்று வடிகட்டியில் அவர் குழு கண்ட புதிய பாக்டீரியாவுக்கு 2017இல் சூட்டிய பெயர் சோலிபசில்லஸ் கலாமி. ராமேஸ்வரத்து அப்துல் கலாமின் பெயர் அது.

எந்தக் கதவுக்கு எந்தச் சாவி

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 கணக்கில், 'மைக்ரோபயாலஜிஸ்ட்' என்ற பெயரில் உள்ள பணியிடங்கள் சுமார் 20,000தான். இடைநிலை ஆண்டுச் சம்பளம் 85,000 டாலர் அளவில். மருத்துவ லேப் தொழில்நுட்பப் பணிகளோ மூன்று லட்சத்தைத் தாண்டுகின்றன. அங்கே இடைநிலைச் சம்பளம் 60,000 டாலர் அளவில். பெயரை மட்டும் பார்த்து வேலை தேடுபவர் பெரிய சந்தையைத் தவறவிடுவார்.

ஆனால் அந்தப் பெரிய சந்தைக்குப் பட்டம் மட்டும் போதாது. மருத்துவமனை லேபில் சேரப் பெரும்பாலும் ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சியும் சான்றிதழ்த் தேர்வும் வேண்டும். கலிஃபோர்னியாவில் மாநில லைசன்ஸ் கட்டாயம். நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் அப்படித் தனிநபர் லைசன்ஸ் கிடையாது. பொதுச் சுகாதார லேபில் நுண்ணுயிரியலாளர் ஆகவும் கலிஃபோர்னியா தனிச் சான்று கேட்கிறது. கழிவுநீரில் வைரஸைத் தேடி நோய்ப் பரவலை முன்கூட்டியே கணிக்கும் புதிய பணிகள் பே ஏரியாவிலும் ஹூஸ்டனிலும் கொரோனா காலத்தில் வேரூன்றின. சட்டத்தில் நாட்டமுள்ளவர்களுக்கும் வழி உண்டு. ஆனந்த மோகன் சக்கரவர்த்தி உருவாக்கிய எண்ணெய் தின்னும் பாக்டீரியாவுக்குக் காப்புரிமை உண்டு என்று 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிலிருந்து உயிர்த் தொழில்நுட்பக் காப்புரிமை தனித் தொழிலாகவே வளர்ந்தது. காப்புரிமை முகவர் தேர்வை எழுத நுண்ணுயிரியல் பட்டம் போதும், சட்டப் பட்டம் தேவையில்லை.

ஆராய்ச்சியைத் தலைமையேற்று நடத்த வேண்டுமானால் பி.எச்டி. தவிர்க்க முடியாதது. ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அறிவியல் துறைகளில் வழக்கமாகக் கட்டணம் கிடையாது, மாத உதவித்தொகையும் உண்டு. கையிலிருந்து செலவழித்துப் படிக்க வேண்டியது பெரும்பாலும் முதுநிலைப் பட்டத்துக்குத்தான். தமிழ்நாட்டிலிருந்து வரும் மாணவர்கள் கடன் வாங்குவதற்கு முன் இந்த வேறுபாட்டை நன்றாக யோசிக்க வேண்டும். படித்து முடித்தபின் ஓராண்டும், அறிவியல் பட்டம் என்பதால் மேலும் 24 மாதமும் வேலை பார்க்கலாம். அதற்குப் பிறகு ஆண்டுக்கு 85,000 ஹெச்-1பி விசாக்களுக்கான குலுக்கல். பல்கலைக்கழகப் பணிகளுக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. 2025 செப்டம்பரில் புதிய ஹெச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், விண்ணப்பிக்கும் மாதத்தின் நிலவரத்தைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் நேரடியாகக் கேட்டறிவதே பாதுகாப்பு.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள் தரவரிசைப் பட்டியலை மூடிவைத்துவிட்டு, வளாகத்தைச் சுற்றிப்பார்க்கும் நாளில் நான்கு கேள்விகளைக் கேட்கட்டும். இளநிலை மாணவர் எந்த ஆண்டில் பேராசிரியரின் லேபுக்குள் போகலாம்? அந்த வேலைக்குச் சம்பளமோ பாடக் கிரெடிட்டோ உண்டா? ஆய்வுக் கட்டுரையில் மாணவர் பெயர் வந்திருக்கிறதா? சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? நான்குக்கும் தயங்காமல் பதில் சொல்லும் துறையில் பிள்ளையைச் சேர்க்கலாம்.